சபெராவி குடித்தவர்கள் எதோடு சேர்த்துச் சாப்பிட்டீர்கள்?

ஜார்ஜியா போய்வந்தவர்கள் மலையையும் பனியையும் நிறைய எழுதிவிட்டார்கள். நான் சபெராவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாட்டின் கிழக்கே கக்கேத்தி வட்டாரத்தில் விளையும் கறுப்புத் திராட்சை அது, அதில் செய்யும் சிவப்பு வைனுக்கும் அதே பெயர். பொதுவாகக் கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் சாறு வெளிறித்தான் வரும், நிறமெல்லாம் தோலில் இருக்கும். இதற்குச் சதையே சிவப்பு. அங்கே தெலாவி என்ற ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கிய வீட்டில் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, விளிம்பில் மட்டும் ஊதா.

வாயில் வைத்ததும் நாவல் பழம்தான் நினைவுக்கு வந்தது. அதே துவர்ப்பு, பல்லெல்லாம் அதே கறை. அதற்குப் பின்னால் நல்ல புளிப்பு, கறுப்பு பிளம் வாசனை, கடைசியில் லேசாகப் புகை. அந்த வீட்டு வைன் க்வெவ்ரியில் செய்தது. க்வெவ்ரி என்பது கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய மண்சாடி. 2013ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது இந்த முறைதான். தோலும் விதையும் சாற்றோடு கிடந்தே நொதிப்பதால் துவர்ப்பு இன்னும் தூக்கல். சும்மா உட்கார்ந்து உறிஞ்சுகிற சரக்கு இல்லை இது, பக்கத்தில் சாப்பாடு வேண்டும்.

அப்புறம் ம்த்ஸ்வாதி வந்தது. பன்றிக்கறியைக் கொழுப்போடு பெரிய துண்டாக வெட்டிக் கம்பியில் கோத்து, காய்ந்த திராட்சைக் கொடிகளை எரித்த தணலில் சுடுகிறார்கள். மசாலா கிடையாது, உப்பு மட்டும். இறக்கியதும் மேலே பச்சை வெங்காயமும் மாதுளை முத்தும். ஒரு துண்டு தின்று ஒரு மிடறு குடித்தால் வாயில் படிந்த கொழுப்பைத் துவர்ப்பு வழித்தெடுத்துவிடுகிறது. தனியாகக் குடித்தபோது முரட்டுத்தனமாக இருந்ததே, அந்த வைனா இது என்று கேட்கத் தோன்றியது. தொட்டுக்கொள்ளத் த்கெமாலி என்ற புளிப்பு பிளம் சட்னி, அதுவும் பொருந்தியது.

பொருந்தாதது அஜிகா. மிளகாயும் பூண்டும் அரைத்த விழுது. காரத்தைக் கண்டால் நம் கை அங்கேதான் போகும். ஆனால் காரத்துக்கு மேல் சபெராவி இறங்கினால் எரிச்சலும் துவர்ப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும், பழ ருசி காணாமல் போய்விடும்.

—

பதிவு போட்ட அண்ணன் கறியோடு நிறுத்திவிட்டார். நான் சைவம், ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் படித்தவன். எனக்குப் பிடித்த ஜோடி பத்ரிஜானி: கத்தரிக்காயை நீளவாக்கில் சீவிப் பொரித்து, பூண்டு சேர்த்த அக்ரூட் விழுதைத் தடவிச் சுருட்டுவார்கள். அக்ரூட்டே துவர்க்குமே என்று சந்தேகம் வரும்; ஆனால் அந்த எண்ணெய்ப்பசைதான் வைனை மென்மையாக்குகிறது. குளிர்காலத்தில் லோபியோ, அதாவது மண்சட்டியில் கொத்தமல்லி போட்டுக் குழைய வேகவைத்த பீன்ஸ், கூடவே மக்காச்சோள ரொட்டி. பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியான கச்சாபுரியோடு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை, அதற்கு வெள்ளை வைன் எடுத்துக்கொள்வேன்.

—

காரம் இல்லாமல் முடியாது என்பவர்கள் கிந்த்ஸ்மரௌலி என்ற வைனைக் கேளுங்கள். கக்கேத்தியிலேயே க்வரேலி என்ற ஊர்ப் பக்கத்தில் விளையும் அதே சபெராவிதான், ஆனால் திராட்சையின் சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீராமல் பாதி இனிப்பாக நிற்கும். கொஞ்சம் குளிரவைத்துக் குடித்தால் அஜிகாவையும் சமாளிக்கும். கறிக்கு என்றால் முகுசானி; அதுவும் சபெராவிதான், இனிப்பில்லாமல் ஓக் பீப்பாயில் ஊறியது. ஹ்வாஞ்ச்கராவையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள், அது பாதி இனிப்பு என்பது உண்மை, ஆனால் ராச்சா வட்டாரத்தின் வேறு திராட்சை.