தேவனை விட்டு விலகினால் ஒழுக்கம் ஏன் சரிகிறது? வாலிபர் கூட்டத்தில் எப்படிப் பேசுவது?

களியக்காவிளை வாலிபர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு சாயங்காலம் சபையில் இந்தத் தலைப்பில் 40 நிமிஷம் பேசவேண்டும். ரோமர் 1 எடுக்கலாமென்று நினைக்கிறேன். குடி, செல்போன் என்று திட்டிவிட்டு இறங்கினால் பிள்ளைகள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது? கேரளத்துப் பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் வாசிக்க வராது.

மார்த்தாண்டம் ஆசிரியர்:
தம்பி, 1:18-ல் தொடங்கி 2:1-ல் நிறுத்துங்கள். 21-ம் வசனத்தில் நன்றாக நில்லுங்கள். பாவப் பட்டியலுக்கு முன்பே பவுல் காரணம் சொல்லிவிடுகிறார்: தேவனை அறிந்தும் அவரை மகிமைப்படுத்தவில்லை, ஸ்தோத்திரிக்கவில்லை. அதன் பிறகே இருதயம் இருளடைகிறது, 23-ல் விக்கிரகம், 24, 26, 28-ல் தேவன் அவர்களை அவர்கள் வழிக்கே விட்டுவிடுகிறார். இங்கே அக்கினி இறங்கவில்லை. கேட்டது கிடைத்ததே தண்டனை. இது பிள்ளைகளுக்கு உறைக்கவேண்டும்.

பலரும் ஓரினச்சேர்க்கையைச் சொல்லும் 27-ம் வசனத்திலேயே நின்றுவிடுவார்கள். "இது நமக்கில்லை" என்று முன்வரிசை நிம்மதியாகச் சாய்ந்துகொள்ளும். 29 முதல் 31 வரை சத்தமாக வாசியுங்கள்: பொருளாசை, பொறாமை, வஞ்சகம், புறங்கூறுதல், பெற்றாருக்குக் கீழ்ப்படியாமை. 32-ஐயும் முடித்து, விளக்கம் சொல்லாமல் உடனே 2:1: மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, உனக்கும் போக்குச்சொல்ல இடமில்லை.

நெய்யாற்றின்கரை:
ஓசியா 4:1-6 சேருங்கள். தேவனை அறியும் அறிவு இல்லை என்பது 1-ம் வசனம். பொய், கொலை, களவு, விபசாரம் அடுத்த வசனம். 6-ல் குற்றம் ஆசாரியன்மேல் விழுகிறது. அதனால் பெரியவர்களும் தப்ப முடியாது, அதைத் தயங்காமல் சொல்லுங்கள். இந்த 6 வசனத்தையும் ஒரு பிள்ளை மலையாள வேதத்தில் வாசிக்கட்டும். முன்னமே சொல்லிவையுங்கள், அங்கேயே எழுப்பிவிட்டால் திணறும்.

குழித்துறை:
ஆமோஸ் 8:5-ஐ விடாதீர்கள் தம்பி. ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைக் குறைத்து விற்கலாம் என்று காத்திருந்தவர்கள் ஓய்வுநாளை ஆசரித்தவர்கள்தான். நம்ம பக்கத்தில் ரப்பர் ஷீட்டைச் சொன்னால் போதும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தெரியும், ஈரம் போகவில்லை. அதைக் காய்ந்த ஷீட்டோடு அடுக்கி எடை போடுவது. வாங்குகிறவர் தன் பங்குக்கு எடையில் கழிவைக் கூட்டிப் பிடிப்பது. இரண்டு பேரும் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள். ரப்பர் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

நேரம்: ரோமர் 20 நிமிஷம், ஓசியா 8, ஆமோஸ் 5. மீதி 7 நிமிஷம் ஜெபம்; அதில் முதலில் ஸ்தோத்திரம், பிறகு விண்ணப்பம். யாரையும் எழுப்பிப் பாவ அறிக்கை செய்யச் சொல்லவேண்டாம்.