வெட்டிங்: ஈரமாக்கலா, நனைத்தலா?

அனைவருக்கும் வணக்கம்.

'வெட்டிங்' (wetting), அதாவது திரவம் ஒரு பரப்பில் ஒட்டிப் பரவுவது, என்பதற்குத் தமிழ் கேட்டுத் தொடங்கிய இந்த இழையின் மடல்களை நேற்று இரவு ஒரே மூச்சில் படித்தேன். ஈரமாக்கல், தோய்த்தல், படர்தல், நனைத்தல் என நான்கு பரிந்துரைகள் இதுவரை வந்திருக்கின்றன. என் வாக்கு நனைத்தலுக்கு. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மாலை வேளைகளில் மின்னணுப் பொருள்களைப் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் ஒரு பையன் பழைய ரேடியோ போர்டில் ஒரு கம்பியைப் பற்றவைக்கப் பார்த்தான். செம்புப் பட்டை கறுத்துப் போயிருந்தது. ஈயம் உருகியது, ஆனால் பட்டையில் உட்காரவில்லை. பாசிமணி மாதிரி திரண்டு, சால்டரிங் அயர்னின் நுனியோடு இங்கும் அங்கும் உருண்டது. "சார், பிடிக்க மாட்டேங்குது" என்றான். சூடு போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தினான். பட்டையைச் சுரண்டி, ஒரு துளி சால்டரிங் பேஸ்ட் தடவி மறுபடி வைக்கச் சொன்னேன். இந்த முறை அந்த மணி அப்படியே தட்டையாகி, விளிம்பு மெலிந்து, பட்டை முழுக்கப் படிந்துவிட்டது. முன்பும் அதே ஈயம், அதே சூடு. இடையில் இருந்த ஆக்சைடு படலம் போனது மட்டும்தான் வித்தியாசம். பொற்கொல்லர்கள் நகையைப் பொருத்தப் பற்றாசு வைக்கும்போது வெண்காரம் சேர்ப்பதும் இதே வேலைக்குத்தான்.

இந்த நிகழ்ச்சிக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். இப்போது பையன்கள் நோட்டில் 'வெட்டிங் சரியில்லை' என்று எழுதுகிறார்கள். தமிழ் எழுத்தில் அது கல்யாணமா, வெட்டுவதா, நனைவதா என்று படிப்பவருக்குப் புரியாது.

ஈரமாக்கலை முன்மொழிந்த ஐயா, நீர் ஒரு பரப்பில் பட்டால் ஈரமாகிறது, அதுதானே பொருள் என்று எழுதியிருந்தார். நீருக்கு மட்டும் என்றால் சரி. ஆனால் இரண்டு பொருள்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டப்பாவை மூடாமல் விட்ட பொரித்த அப்பளம் சாயங்காலத்துக்குள் நமத்துப் போகிறது. அதில் ஈரம் ஏறிவிட்டது, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் அதன்மேல் விழவில்லை, அது நனையவில்லை. அந்தச் செம்புப் பட்டையோ உருகிய ஈயத்தால் முழுக்க மூடப்பட்டது, அதில் ஈரம் துளியும் இல்லை. ஆக, ஈரம் வேறு, இந்த நிகழ்ச்சி வேறு. 'பெயிண்ட் இன்னும் ஈரமா இருக்கு' என்கிறோமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே ஈரம் என்றால் 'இன்னும் காயவில்லை' என்று பொருள். காயக்கூடிய பொருளுக்குத்தான் ஈரம் உண்டு. ஈயம் காய்வதில்லை, உறைகிறது.

நனை அப்படி இல்லை. எண்ணெயில் நனைத்த திரி, தேனில் நனைத்த நெல்லிக்காய், ரத்தத்தில் நனைந்த சட்டை எல்லாம் நாம் யோசிக்காமல் சொல்பவை. திரவம் எது என்று இந்த வினை பார்ப்பதில்லை. திரவம் பரப்பைப் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் பார்க்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்த காரணம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் திரவம் செய்வதற்கும் பரப்புக்கு நேர்வதற்கும் ஒரே சொல். யார் யாரை என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழில் நனைக்கிறது, நனைகிறது என்று இரண்டு தனி வினைகள் கையில் இருக்கின்றன. ஈயம் செம்பை நனைக்கிறது. செம்பு நனைகிறது. பாதரசம் கண்ணாடியை நனைக்காது. தாமரை இலை நனையாது. குறை திரவத்தில் இருக்கிறதா, பரப்பில் இருக்கிறதா என்பதை ஒரு 'க்' சொல்லிவிடுகிறது. பழுதுபார்ப்பவனுக்கு அதுதான் முதல் கேள்வி.

அப்புறம், இந்தச் சொல் புதிதும் அல்ல. உழவர்களைக் கேளுங்கள். சாம்பல் நோய்க்கு 'நனையும் கந்தகம்' லிட்டருக்கு 2 கிராம் என்று வேளாண் குறிப்புகளில் பல காலமாக எழுதிவருகிறார்கள். இந்தப் பெயரை வைத்தவர் யாரானாலும் அவருக்கு ஒரு கும்பிடு. சாதாரணக் கந்தகத் தூளைத் தண்ணீரில் தூவினால் அது மிதக்கும், எத்தனை நேரம் விட்டாலும் நனையாது. ஆய்வகத்தில் சிறுநீரில் பித்த உப்பு இருக்கிறதா என்று பார்க்கும் 'ஹே' சோதனை இதை வைத்துத்தான். கந்தகத் தூளை மேலே தூவுவார்கள். பித்த உப்பு இருந்தால் பரப்பு இழுவிசை குறைந்து தூள் மூழ்கும், இல்லாவிட்டால் மிதக்கும். மருந்துக் கந்தகத்தில் நனைவதற்கான துணைப்பொருளை முன்பே சேர்த்துவிடுகிறார்கள், அதனால் தண்ணீரில் கலக்கிறது. இங்கே நனைவது கந்தகம். 'நனைக்கும் கந்தகம்' என்று தவறிப் போகாமல் 'நனையும்' என்று சரியாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்.

தோய்த்தல் அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் முங்குவதும் கொஞ்ச நேரம் கிடப்பதும் சேர்ந்தே வருகின்றன. துணியைச் சாயத்தில் தோய்க்கிறோம். கண்ணாடிமேல் ஒரு சொட்டு விழுந்து பரவினால் கண்ணாடி தோய்ந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். ஊறல் இன்னும் உள்ளே போகிற விஷயம். படர்தல் என்ற சொல் 'ஸ்ப்ரெடிங்' என்ற வேறு ஓர் அளவைக் குறிக்கத் தேவைப்படும், அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

'எங்கள் பக்கம் அரிசி நனையப் போடுவது என்றால் ஊறவைப்பதுதானே, அப்போது நனைத்தல் குழப்பாதா?' என்று திருநெல்வேலி அக்கா கேட்டிருந்தார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம் அக்கா. கொத்தனாரும் செங்கல்லைக் கட்டுமுன் 'கல்லை நனை' என்பார். கலவையின் தண்ணீரைக் கல் இழுத்துக்கொள்ளக் கூடாது என்று அதை நன்றாக ஊறவைப்பதுதான் அவர் நினைப்பது. ஆனால் நனையப் போடு என்பதில் நேரத்தைச் சொல்வது 'போடு'. நனைத்தான் என்று மட்டும் சொன்னால் எவ்வளவு நேரம் என்பது அதில் இல்லை. வீட்டுச் சொல் கொஞ்சம் அகலமாக இருப்பது குற்றமில்லை. கலைச்சொல்லாக எடுக்கும்போது எல்லையைப் போட்டுக்கொள்ளலாம். விசை என்ற சொல்லுக்கும் அப்படித்தானே செய்தோம்.

எல்லையும் தயாராகவே இருக்கிறது. சொட்டின் விளிம்பு பரப்போடு சேரும் கோணத்தைப் பள்ளிப் பாடநூல் சேர்கோணம் என்கிறது. இந்தக் கோணத்தை முதலில் முறையாக விளக்கியவர் தாமஸ் யங், ஆண்டு 1805. கோணம் 90 டிகிரிக்குக் கீழே என்றால் நனைக்கும், மேலே என்றால் நனைக்காது. சுத்தமான கண்ணாடியில் நீருக்கு அது ஏறக்குறைய சுழி. கண்ணாடியில் பாதரசத்துக்கு 140 அளவில். தாமரை இலையில் நீருக்கு 150-ஐயும் தாண்டும். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்த ரகம்.

இனி கிளைச் சொற்கள். பரப்பின் தன்மைக்கு நனைதிறன். நனைவதற்காகச் சேர்க்கும் பொருளுக்கு நனைப்பி, இணை என்பதிலிருந்து இணைப்பி வந்த அதே வழியில். திருப்பூரில் காடா துணியை வேகவைக்கும்போது 'வெட்டிங் ஆயில்' ஊற்றுகிறார்கள். பருத்தியில் இயல்பாக உள்ள மெழுகு தண்ணீரை உள்ளே விடாது, அதற்காக. அது எண்ணெய் வேலை செய்வதே இல்லை, அதனால் 'ஆயில்' என்பதை மொழிபெயர்க்க வேண்டாம், நனைப்பி என்றே எழுதலாம். வேகவைத்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எத்தனை விநாடியில் மறைகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். அதை நனைவுச் சோதனை எனலாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'டீவெட்டிங்'. ஈயம் முதலில் ஒழுங்காக நனைத்துவிட்டு, பிறகு பின்வாங்கித் திட்டுத் திட்டாகத் திரண்டு நிற்பது. இடையில் மெல்லிய ஈயப் படலம் இருக்கும் என்பதால் நனையாமை என்று எழுத முடியாது. அதைப் பார்த்து என் வகுப்பில் ஒருவன் "சுருண்டுகிச்சு சார்" என்றான். நனைவுச் சுருளல் என்று எழுதிப் பார்த்தேன், நீளமாகத் தெரிகிறது. வெறும் சுருளல் போதுமா? கார் பட்டறைகளில் எண்ணெய் பட்ட தகட்டின்மேல் பெயிண்ட் அடித்தால் இதைப் போலவே விலகி வட்டம் வட்டமாக நிற்கும். பெயிண்டர்கள் அதற்கு நிச்சயம் ஒரு சொல் வைத்திருப்பார்கள். பட்டறைப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் கேட்டு எழுதுங்கள், வகுப்புக் குறிப்பை அச்சுக்கு அனுப்பாமல் காத்திருக்கிறேன்.