மராத்தியர் தோற்றது பீரங்கி குறைவினாலா?

நிபோங் திபால் வாசகி:
வணக்கம். தோட்டத்தில் பிறந்த எங்கள் பாட்டியின் பிறப்புப் பத்திரத்தில் 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' என்று அச்சிட்டிருக்கிறது. 1800இல் மலேசியாவின் பினாங்கை ஒட்டிய இந்தச் செபராங் பிறைக் கரையைக் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனி பெற்றபோது தலைமை ஆளுநராக இருந்த ரிச்சர்ட் வெல்லெஸ்லியின் பெயர் அது என்பதும், 1803இல் மராத்தியர்மீது போர் தொடுத்தவரும் அவரே என்பதும் அண்மையில்தான் தெரிந்தன. படிவம் ஆறில் வரலாறு படிக்கும் என் மகள், நல்ல பீரங்கிகள் இல்லாததால் மராத்தியர் தோற்றனர் என்று எழுதியிருக்கிறாள். அது சரிதானா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சரியன்று, சகோதரி. 1803 செப்டம்பர் 23 அன்று தக்காணத்தின் அசாயே என்ற ஊரில் ரிச்சர்டின் தம்பி ஆர்தரை எதிர்கொண்ட, மராத்தியத் தலைவர்களில் ஒருவரான சிந்தியாவின் பீரங்கிப் படை, ஐரோப்பியப் படைகளுக்குச் சற்றும் இளைத்ததன்று. ஆங்கிலேயர் பீரங்கி வரிசையைக் கடந்து முன்னேறியபின், செத்தவர்போல் வண்டிகளுக்கடியில் கிடந்த மராத்தியப் பீரங்கி வீரர்கள் எழுந்து, பீரங்கிகளைத் திருப்பி அவர்களுடைய முதுகிலேயே சுட்டார்கள். வென்ற படையிலும் ஏறத்தாழ 1,600 பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். அந்தப் பீரங்கி வீரர்களை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அவர்கள் நிலைகுலையாமல் நின்றபோதும், சிந்தியாவிடம் சம்பளம் வாங்கிய ஐரோப்பிய அதிகாரிகளில் பலர் அந்த ஆண்டு கும்பெனி விரித்த வலையில் விழுந்து விலகிப்போயிருந்தார்கள்.

தஞ்சை வேர்:
ஐயா கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தோல்வியின் வேர் மராத்தியத் தலைவர்களின் வீட்டுப் பகையில் இருக்கிறது. 1802 அக்டோபரில் புனேயில் மற்றொரு மராத்தியத் தலைவரான ஹோல்கரிடம் தோற்றோடிய பேஷ்வா (மராத்தியரின் தலைமை அமைச்சர்) இரண்டாம் பாஜி ராவ், அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று வசாயில் கும்பெனியோடு உடன்படிக்கை செய்து, கும்பெனிப் படையைத் தம் நாட்டிலேயே நிறுத்திக்கொண்டு, அதன் செலவுக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் வருமானமுள்ள நிலத்தையும் எழுதிக்கொடுத்தார். சிந்தியாவும் நாக்பூர்த் தலைவர் போன்ஸ்லேயும் கும்பெனியோடு போரிட்டபோது ஹோல்கர் ஒதுங்கியிருந்தார். 1804இல் அவர் போரிட்டபோது மற்றவர்கள் ஏற்கெனவே பணிந்துவிட்டிருந்தார்கள். இதில் எந்தப் பீரங்கி உதவும்? நம் தஞ்சையிலும் மராத்திய மன்னர் சரபோஜி 1799இலேயே ஆட்சியைக் கும்பெனியிடம் ஒப்படைத்தார். அசாயே நடந்த அதே 1803இல் அவர் தம் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை மராத்தியில் பெரிய கோயில் சுவரில் செதுக்கச் செய்தார்.

நிபோங் திபால் வாசகி:
மிக்க நன்றி. அசாயேயில் கும்பெனிக்காக நின்றவர்களில் நம்மவரும் உண்டா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பெரும்பகுதியினர் சென்னை மாகாணச் சிப்பாய்களே, சகோதரி. தமிழரும் தெலுங்கரும் அவர்களில் இருந்தனர். இன்றைய மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்திலுள்ள யானை, அசாயேயின் நினைவாக வந்தது.