கீர்த்தி பட்டமளிப்பு ✈️ (7 கிலோ மட்டும்!!)

பெரியப்பா: (பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது) ⚠️ அவசரம் ⚠️ இனி விமானத்தில் பவர் பேங்க் கொண்டு செல்ல முற்றிலும் தடை. மீறினால் கைது. அனைவருக்கும் பகிரவும் 🙏🙏

அம்மா: ஐயையோ

கல்பனா அத்தை (கீர்த்தியோட அம்மா): நேத்துதான் புதுசு வாங்கினேன்

தினேஷ்: அப்பா இதெல்லாம் உங்களுக்கு யாரு அனுப்பறா

மோகன் சித்தப்பா: அண்ணா தடையெல்லாம் ஒண்ணும் இல்ல. செக்-இன் பெட்டியில போடக்கூடாது, கைப்பையிலதான் வைக்கணும், ஏன்னா லித்தியம் பேட்டரி கீழ சரக்கு அறையில தீப்பிடிச்சா கிட்ட போய் அணைக்க ஆள் கிடையாது, மேல நம்ம கூட இருந்தா உடனே பாத்துடுவாங்க. பேட்டரி அளவு 100 வாட்-அவர் வரைக்கும் பொதுவா விடுவாங்க, 160 வரைக்கும் ஏர்லைன்கிட்ட அனுமதி வாங்கணும், அதுக்கு மேல கிடையாது. 2025 ஜனவரியில கொரியாவுல ஏர் பூசான் விமானம் ஒண்ணு கிளம்பறதுக்கு முன்னாடி தரையிலயே எரிஞ்சுதே, அதுக்கப்புறம் நிறைய ஏர்லைன்ல பறக்கும்போது பவர் பேங்க்ல சார்ஜ் போடாதேன்னு சொல்லிட்டாங்க, தலைக்கு மேல இருக்கற லக்கேஜ் பெட்டியில வைக்காம கைக்கெட்டற இடத்துல வைங்கறாங்க, அதைத்தான் எவனோ திரிச்சு விட்டிருக்கான்

பெரியப்பா: 👍

பெரியப்பா: சுருக்கமா சொல்லுடா

கல்பனா அத்தை: என்னோடதுல 20000னு இருக்கே மோகன், லிமிட் 100தானே??

மோகன் சித்தப்பா: அது மில்லி ஆம்ப் அவர் அக்கா. 1000ஆல வகுத்து 3.7ஆல பெருக்கினா 74 வாட்-அவர், தாராளமா எடுத்துட்டு வா. பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பான், அது அழிஞ்சு போயிருந்தாதான் செக்யூரிட்டில தகராறு

அம்மா: ராத்திரி 10 மணிக்கு கணக்கு டியூஷன் 😂

கீர்த்தி: அம்மா பவர் பேங்க் இருக்கட்டும், ஹேர் டிரையர் அயர்ன் பாக்ஸ் எல்லாம் லிஸ்ட்ல பாத்தேன், ப்ளீஸ் வேணாம், ரெண்டும் என் ரூம்லயே இருக்கு. நீங்க எடுத்திருக்கற டிக்கெட்ல 7 கிலோதான், கவுன்ட்டர்ல போய் எக்ஸ்ட்ரா லக்கேஜ் போட்டா டிக்கெட் காசே வந்துடும்

கல்பனா அத்தை: ஃபங்ஷனுக்கு கசங்கின டிரெஸ்ஸோட வரவா

தினேஷ்: சுருட்டி வைங்க அத்தை மடிக்காதீங்க. கனமான ஷூவ கால்ல போட்டுக்கோங்க, ஜாக்கெட்ட மேல போட்டுக்கோங்க, அது வெயிட்ல வராது

தினேஷ்: ஆமா எங்க வீட்ல கேபின் சைஸ் பெட்டியே இல்ல யார்கிட்டயாவது இருக்கா

கல்பனா அத்தை: உங்க வீட்லதான் என் சிவப்புப் பெட்டி இருக்கே

பெரியப்பா: அது உன்னோடதா?

கல்பனா அத்தை: ஓஹோ

அம்மா: அண்ணி தப்பா எடுத்துக்காதீங்க, அது நாங்க உங்களுக்கு குடுத்தது

மோகன் சித்தப்பா: அதுல ஒரு சக்கரம் போயிடுச்சு

கல்பனா அத்தை: குடுக்கும்போது நாலும் இருந்துது

தினேஷ்: 🤐

கீர்த்தி: மாமா ஆப் எல்லாம் என்னென்ன போடணும்னு சொல்லிடுங்க, கிளம்பற அன்னிக்கு ஏர்போர்ட் வைஃபைல உக்காந்து டவுன்லோட் பண்ணாதீங்க

மோகன் சித்தப்பா: டைப் பண்ணிட்டிருக்கேன்

மோகன் சித்தப்பா: கூகுள் மேப்ஸ்ல அந்த ஊரை முழுசா ஆஃப்லைன் மேப்பா இறக்கிக்கோங்க, நெட் இல்லாட்டியும் நாம நிக்கற இடத்தைக் காட்டும், ஏன்னா ஜிபிஎஸ்சுக்கு நெட் வேணாம், ஆனா பஸ் ரயில் நேரம் வராது அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கணும். டிரான்ஸ்லேட்ல அந்த ஊர் மொழிய இறக்கிக்கோங்க, கேமராவ போர்டு மேல காட்டினாலே படிச்சுடும். எக்ஸ்இ ஆப் போட்டா கரன்சி கணக்கு தெரியும், கடைசியா பாத்த ரேட் நெட் இல்லாமயும் இருக்கும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், கார்டு மிஷின் உங்க ஊர் காசுலயா எங்க காசுலயான்னு கேட்டா கண்ணை மூடிட்டு அந்த ஊர் காசை அமுக்குங்க, நம்ம காசுன்னா அவன் வைக்கறதுதான் ரேட்டு. செலவைப் பிரிக்க ஸ்ப்ளிட்வைஸ்

அம்மா: போன டூர் கணக்கே இன்னும் முடியல 🙂

பெரியப்பா: யாரைச் சொல்றே

அம்மா: பொதுவா சொன்னேன்

தினேஷ்: சிம்முக்கு என்ன பண்றது

கீர்த்தி: ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் டயல் பண்ணுங்க, ஐஎம்இஐ கூட ஈஐடின்னு ஒரு நீள நம்பர் வந்தா இ-சிம் (கார்டு இல்லாம ஃபோனுக்குள்ளயே இருக்கற சிம்) போடலாம். பழைய சிம்ம கழட்டாதீங்க, ஓடிபி அதுலதான் வரும், அதுல டேட்டா ரோமிங் மட்டும் ஆஃப். வாட்ஸ்அப் நம்பர் மாத்தவான்னு கேட்டா வேணாம்னு குடுங்க

பெரியப்பா: எனக்கு வரல

தினேஷ்: உங்க ஃபோனுக்கு வராதுப்பா, என் ஹாட்ஸ்பாட்ல இருங்க

அம்மா: கீர்த்தி டிபில பக்கத்துல யாரும்மா, நல்லா இருக்கே ஜோடி

கீர்த்தி: ப்ராஜெக்ட் மேட் அத்தை 😐

கல்பனா அத்தை: (இந்த மெசேஜ் டெலீட் செய்யப்பட்டது)

தினேஷ்: நான் படிச்சுட்டேன் 😂😂

கீர்த்தி: டாபிக்குக்கு வாங்க!! இங்க பிளக்ல மூணு சதுரக் கால், நம்ம பின் போகாது. அடாப்டர் ஒண்ணு, கூட நாலு யூஎஸ்பி உள்ள சார்ஜர் ஒண்ணு இருந்தா எல்லார் ஃபோனும் போட்டுக்கலாம்

கல்பனா அத்தை: தினேஷ் வாங்கிடுவான்

தினேஷ்: சித்தப்பா வாங்கறேன்னாரே

மோகன் சித்தப்பா: எப்ப சொன்னேன். சரி பாக்கலாம். அக்கா உன் மாத்திரை எல்லாம் அட்டையோட, டாக்டர் சீட்டோட கைப்பையில வை. எண்ணெய் ஷாம்பு 100 மில்லிக்கு மேல இருக்கற பாட்டில் வேணாம், பாதி காலியா இருந்தாலும் பாட்டில் சைஸைத்தான் பாப்பான்

மோகன் சித்தப்பா: 🎤 வாய்ஸ் மெசேஜ் 4:12

அம்மா: நாளைக்கு கேக்கறேன் தம்பி

கீர்த்தி: கடைசியா ஒண்ணு, பாஸ்போர்ட் எக்ஸ்பயரி எல்லாரும் பாத்தீங்களா? 6 மாசமாவது மிச்சம் இருக்கணும் இல்லன்னா ஏர்லைன்லயே ஏத்த மாட்டாங்க

அம்மா: 2031 ✅

கல்பனா அத்தை: 2029 ✅

பெரியப்பா: என்னோடது அந்த சிவப்புப் பெட்டியிலதான் இருக்கு. லாக் நம்பர் என்ன கல்பனா

கல்பனா அத்தை: இப்ப மட்டும் என் பெட்டியா

தினேஷ்: அத்தை நம்பர் சொல்லுங்க

தினேஷ்: அத்தை

தினேஷ்: ப்ளூ டிக் வந்துடுச்சு அத்தை