மெஷ் நெட்வொர்க்குக்கு என்ன சொல்: கண்ணியா, பின்னலா, அஞ்சலா?

பொருள்: கலைச்சொல் வேண்டும் – கம்பியில்லா மெஷ்

வணக்கம் நண்பர்களே,

கட்டட விளக்குகளிலும் மருத்துவமனைக் கருவிகளிலும் கம்பியில்லா மெஷ் (கருவிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிச் செய்தியைக் கடத்தும் வலையமைப்பு) அமைத்துப் பராமரிப்பதற்கான கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. படிக்கப்போகிறவர்கள் மின்பணியாளர்கள், மருத்துவக் கருவிப் பிரிவினர், இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்கள். வரைவில் இப்போது உள்ள சொற்கள்: மெஷ் நெட்வொர்க் – கண்ணிப் பிணையம், நோட் (வலையில் உள்ள ஒவ்வொரு கருவியும்) – கணு, ரிலே (கேட்ட செய்தியை அடுத்ததற்குக் கடத்தும் கணு) – மீள்செலுத்தி, ஹாப் (ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தி போவது) – தாவல், ஃப்ளடிங் – வெள்ளப் பரப்பல், ஹார்ட்பீட் மெசேஜ் – இதயத்துடிப்புச் செய்தி, ஃபிரெண்ட் நோட் – நண்பன் கணு.

கணுவில் யாருக்கும் தகராறு இருக்காது; கரும்பும் மூங்கிலும் தந்த சொல். மற்றவற்றை அடித்துத் திருத்துங்கள்.

---

மறு: கலைச்சொல் வேண்டும் – கம்பியில்லா மெஷ்

> மெஷ் நெட்வொர்க் – கண்ணிப் பிணையம்

வலையின் ஓட்டைக்குக் கண் என்றும் கண்ணி என்றும் பெயர் உண்டு, சங்கிலியின் ஒரு வளையமும் கண்ணிதான். அந்த வகையில் சொல் பொருத்தமே. ஆனால் இன்று கண்ணி என்று கேட்டதும் நினைவுக்கு வருவது கண்ணிவெடி. 'தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணி அமைக்கும் முறை' என்று ஓர் அத்தியாயத் தலைப்பை எழுதிப் பார்த்தால் தெரியும். பிணையமும் அப்படித்தான்: கணினித் தமிழில் ஊன்றிவிட்டது, ஆனாலும் வெளியே ஜாமீன் நினைவுதான் முந்திக்கொள்கிறது.

என் பரிந்துரை பின்னல்வலை. ஓர் இழை அறுந்தாலும் மற்ற இழைகள் தாங்கும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. 'சமூக வலைப்பின்னல்' என்று நாளிதழ்கள் எழுதுவதோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். அங்கே பின்னல் நிலைமொழி அல்ல, வருமொழி. பின்னல்வலை என்றால் எப்படிப்பட்ட வலை என்ற கேள்விக்கு விடை; வலைப்பின்னல் என்றால் வலை என்பதையே இன்னொரு முறை சொல்வது.

---

மறு: மறு: கலைச்சொல் வேண்டும் – கம்பியில்லா மெஷ்

வணக்கம். பின்னல்வலை காதுக்கு நன்றாக இருக்கிறது ஐயா. எனக்குள்ள சிக்கல் வேறு. கண்ணி, பின்னல் இரண்டுமே உருவத்தைச் சொல்கின்றன. களத்தில் வரும் கோளாறுகளில் பாதி, அந்த உருவத்தை நம்பிவிடுவதால் வருபவை.

பாடநூலில் முழு மெஷ் என்றால் எல்லாரோடும் எல்லாரும் நேராக இணைந்திருப்பது: 50 கணுக்களுக்கு 1,225 இணைப்புகள். கம்பியில்லா மெஷ் அப்படி இல்லை. பக்கத்தில் கேட்பவர் வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கிறார், அவ்வளவுதான். அதுவும் எல்லாக் கணுவும் கொடுக்காது. படத்தில் வலை மாதிரி வரைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கதவு உணரியும் பக்கத்து விளக்கின் செய்தியைக் கடத்தும் என்று நினைக்கிறார்கள். கடத்தாது. கடத்த வேண்டுமானால் வானொலி வாங்கி எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 5 மில்லிஆம்பியர் ஆகும். சிஆர்2032 பொத்தான் மின்கலத்தின் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. வகுத்தால் 44 மணி நேரம், இரண்டு நாள்கூட ஆகாது. அதனால் கடத்தும் வேலை மின்கம்பியில் நிற்கும் கருவிகளுக்கு மட்டும்தான்.

அங்கேயும் ஒரு பொறி உண்டு. கடத்தும் கணு விளக்கின் டிரைவருக்குள்ளேயே (விளக்குக்கு மின்சாரம் தரும் சுற்று) இருக்கும். யாரோ பழைய சுவர் சுவிட்சை அணைத்தால் விளக்கோடு கணுவும் செத்துவிடும். நடைவழிக் கோடியில் உள்ள வெப்பநிலை உணரி காணாமல் போகும். பகலில் வேலை செய்தது இரவு பத்து மணிக்கு மேல் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பழைய சுவிட்சைத் தாண்டி டிரைவருக்கு நிரந்தர மின்சாரம் கொடுங்கள். சுவரில் மின்கலச் சுவிட்சை ஒட்டி, அது செய்தி மட்டும் அனுப்பும்படி வையுங்கள்.

எனவே ரிலேக்கு நல்ல சொல் கிடைப்பது மெஷ்ஷுக்குக் கிடைப்பதைவிட அவசரம். மீள்செலுத்தி என்றால் திருப்பி அனுப்புவது போல இருக்கிறது. வானொலியில் வேறு நிலையத்தின் நிகழ்ச்சியை 'அஞ்சல் செய்கிறோம்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதையே எடுத்து அஞ்சல் கணு எனலாம். மின்னஞ்சலோடு குழம்ப இடமில்லை, கணு என்ற பின்னொட்டு காப்பாற்றும்.

> ஃப்ளடிங் – வெள்ளப் பரப்பல்

இது வேண்டவே வேண்டாம். இதே கட்டடத்தில் நீர்க்கசிவு உணரி இருக்கும். திரையில் 'வெள்ளம்: 2-ஆம் தளம்' என்று வந்தால் வால்வை மூட ஆள் ஓடுவார். பரவல் அஞ்சல் என்று வைத்தால் விஷயமும் விளங்கும்: 2017-இல் வெளிவந்த புளூடூத் மெஷ்ஷின் முதல் பதிப்பில் வழி தேடுவது கிடையாது; கேட்ட அஞ்சல் கணு ஒவ்வொன்றும் ஒரு முறை உரக்கச் சொல்லும். ஏற்கெனவே சொன்னதா என்று தன் நினைவகத்தில் பார்த்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் டிடிஎல் (டைம் டு லிவ், செய்தி இன்னும் எத்தனை தாவல் போகலாம் என்பது) எண்ணில் ஒன்றைக் குறைக்கும். அந்த எண் 2-க்குக் கீழே வந்த செய்தியை மேலே அனுப்பாது. ஜிக்பீ என்ற இன்னொரு கம்பியில்லா மெஷ் தரத்தில் கதை வேறு: ஒருவருக்குப் போகும் செய்திக்கு வழி தேடி நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.

எல்லா விளக்கையும் அஞ்சல் கணுவாக்கினால் வலை பலப்படும் என்ற நம்பிக்கையும் தவறு. ஒரே கூடத்தில் நூறு விளக்குகள் ஒரே செய்தியைத் திருப்பிச் சொன்னால் ஒன்றன்மேல் ஒன்று மோதி யாருக்கும் கேட்காது. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு மூன்று அஞ்சல் கணு கேட்டால் போதும், மிச்சத்தில் அந்த வேலையை அணைத்துவிடலாம்.

கையேட்டில் இன்னொரு சொல்லும் தேவைப்படும்: பாப்கார்ன் எஃபெக்ட். ஒரு பொத்தானை அழுத்தினால் அறை விளக்குகள் சேர்ந்து எரியாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக எரிவது. பொரிதல் என்றே எழுதிவிடலாம், பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாகச் செய்தி போகிறது. குழு முகவரிக்கு ஒரே செய்தியாக மாற்றினால் நின்றுவிடும்.

---

மறு: மறு: மறு: கலைச்சொல் வேண்டும் – கம்பியில்லா மெஷ்

மருத்துவமனைப் பக்கத்திலிருந்து சில.

> ஹார்ட்பீட் மெசேஜ் – இதயத்துடிப்புச் செய்தி

தயவுசெய்து இதை உடனே நீக்குங்கள். 'நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்' என்று கணு அவ்வப்போது அனுப்பும் செய்தி அது. நின்றுபோனால் கண்காணிப்புத் திரையில் எச்சரிக்கை வரும். வரைவுச் சொல்லைப் போட்டால் செவிலியர் மேசைத் திரையில் இப்படி இருக்கும்: 'இதயத்துடிப்பு இல்லை – அறை 312'. நின்றது சுவரில் உள்ள கை கழுவும் திரவப் புட்டியின் உணரி!

வகுப்பில் பெயர் கூப்பிட்டால் சொல்வோமே, உள்ளேன் என்று. 'உள்ளேன் செய்தி' என்று வையுங்கள். 'உள்ளேன் வரவில்லை – திரவப் புட்டி, அறை 312' என்றால் யாரும் அலறமாட்டார்கள்.

> ஃபிரெண்ட் நோட் – நண்பன் கணு

தூங்கும் கணு ஒன்றுக்கு வரும் செய்திகளை வாங்கி வைத்திருந்து, அது விழித்துக் கேட்கும்போது கொடுப்பது இதன் வேலை. தலைவிக்காகச் செய்தி வாங்கவும் சொல்லவும் நம் இலக்கியத்தில் ஓர் ஆள் உண்டே! தோழிக் கணு. தூங்குவதற்குத் துயில் கணு. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, இரண்டும் இணையாக வரும்போது யாருக்கு யார் என்பது உடனே புரியும்.

இந்தச் சோடி அதிகம் வேலைக்கு வருவது தடுப்பூசிக் குளிர்பெட்டியில். 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் உணரி துயில் கணு. அதை முழுவதுமாக உள்ளே வைத்துக் கதவை மூடினால் உலோகப் பெட்டி அலையை விழுங்கிவிடும், குளிரில் மின்கலமும் சோர்ந்துபோகும். அளக்கும் முனையை மட்டும் மெல்லிய கம்பியோடு கதவு ரப்பர் வழியே உள்ளே விட்டு, அனுப்பும் பெட்டியை வெளியே பக்கவாட்டில் ஒட்டுங்கள். முனையைக் கிளைக்கால் (glycol) என்ற திரவம் நிரப்பிய சிறு புட்டியில் அமிழ்த்தினால், கதவைத் திறந்து மூடும் நேரத்துக்கெல்லாம் எச்சரிக்கை வராது. இணைப்பு அறுந்தால் அளவீடுகளைத் தன்னிடமே சேமிக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும்; பின்னல்வலை ஒருநாள் விழும்.

எக்ஸ்ரே அறையின் ஈயச் சுவர், மின்தூக்கிக் குழி, இரும்பு அலமாரி வரிசை ஆகியவற்றின் இருபுறமும் ஓர் அஞ்சல் கணு வேண்டும். மனித உடலும் 2.4 கிகாஹெர்ட்சை நன்றாக உறிஞ்சும். ஆளில்லாத வார்டில் சோதித்து 'சரி' எழுதிவிட்டுப் போனால், பார்வையாளர் நேரத்தில் இணைப்பு தள்ளாடும்.

எது மெஷ் இல்லை என்பதையும் கையேடு சொல்ல வேண்டும். ஈசிஜி அலைவடிவத்தைப் புளூடூத் மெஷ்ஷில் அனுப்ப முடியுமா என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. ஒரு தடத்துக்கு நொடிக்கு 250 மாதிரி, ஒவ்வொன்றும் 12 பிட் என்றால் 375 பைட். துண்டாக்காத செய்தி ஒன்றில் பயன்பாட்டுக்குக் கிடைப்பது 11 பைட். ஒரு நோயாளிக்கே நொடிக்கு 35 செய்திகள், ஒவ்வொன்றையும் பல கணுக்கள் திருப்பிச் சொல்லும். விளக்குகூட எரியாது. அலைவடிவம் அதற்கான தனித் தடத்தில் போகட்டும். பின்னல்வலைக்கு எந்தக் கருவி எங்கே இருக்கிறது, கதவு திறந்ததா, குளிர்பெட்டி எத்தனை டிகிரி என்பதே போதும். உடலில் அணியும் உணரிகளுக்கான 802.15.6 தரமும் (2012) நட்சத்திர அமைப்புதான் (எல்லாம் ஒரே மையக் கருவியோடு பேசுவது), மிஞ்சினால் இரண்டு ஹாப். அதைப் பின்னல்வலை என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

---

மறு: ஹாப்

உலாவியில் டேபுக்குத் தாவல் என்று ஏற்கெனவே போட்டாயிற்று. 'மூன்று கை மாறி வந்தது' என்று பேசுகிறோமே, ஹாப்புக்குக் கை என்றால் என்ன?

---

மறு: மறு: ஹாப்

கை அழகு, ஆனால் கணக்கு ஒன்று தவறும். உள்ளேன் செய்தி கிளம்பும்போது இருந்த டிடிஎல் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். 5 என்று கிளம்பி 3 என்று வந்து சேர்ந்தால், 5-இலிருந்து 3 போக 2, அதோடு 1 கூட்டி மூன்று ஹாப். நடுவில் கை மாறியதோ இரண்டு அஞ்சல் கணுக்களில். நேராக வந்த செய்திக்கு ஹாப் 1, கை பூச்சியம். டிடிஎல் எண்ணை இந்தக் கணக்கை வைத்துத்தான் இறுக்குகிறோம். ஒன்று குறைத்து எழுதினால் கோடியில் உள்ள அறைக்குச் செய்தி எட்டாது. தாவலே இருக்கட்டும். உலாவியும் அஞ்சல் கணுவும் ஒரே பக்கத்தில் வராது.

---

மறு: கலைச்சொல் வேண்டும் – திருத்திய வரைவு

அனைவருக்கும் நன்றி. பின்னல்வலை, அஞ்சல் கணு, துயில் கணு, தோழிக் கணு, உள்ளேன் செய்தி, பரவல் அஞ்சல், பொரிதல், தாவல் ஆகியவை ஏறிவிட்டன. பின்னல்வலை என்ற பதிவின் முதல் வரி 'எல்லாக் கணுவும் செய்தியைக் கடத்தாது' என்பதுதான். உருவப் பெயர் வைத்ததற்கு அபராதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தடத் (சேனல்) தேர்வுப் பக்கத்தை யாராவது சரிபார்த்தால் நல்லது. இப்படி எழுதியிருக்கிறேன்: வைஃபை 1, 6, 11 தடங்களில் இருந்தால் ஜிக்பீக்கு இடைவெளியில் கிடைப்பவை 15, 20, 25, 26. இவற்றில் 15-இன் மையம் 2,425 மெகாஹெர்ட்ஸ், 26-இன் மையம் 2,480. புளூடூத் மெஷ் பயன்படுத்தும் மூன்று அறிவிப்புத் தடங்கள் 2,402, 2,426, 2,480. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால் 15-ஐயும் 26-ஐயும் விட்டு, 20 அல்லது 25-இல் வைக்கவும்.

டிடிஎல்லுக்கு 'ஆயுள்' என்று யாரோ தனிமடலில் எழுதியிருந்தார்கள். 'ஆயுள் முடிந்தது – அறை 312' என்று திரையில் எழுதிப் பார்த்தேன். 'தாவல் வரம்பு' என்று மாற்றிவிட்டேன்.