பழைய டெஸ்க்டாப்: 4,000 ரூபாய்க்குள் தேறுமா?

மன்னைவாசி:
கோர் ஐ3-2120, எச்61 மதர்போர்டு, 2+2 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. பிள்ளைகள் படிப்பு, பட்டா-சிட்டா, யூடியூப், கொஞ்சம் தமிழ் டைப்பிங், அவ்வளவுதான் வேலை. ஆன் செய்தால் பத்து நிமிஷம் சுற்றுகிறது. மன்னார்குடி பக்கம் கிராமம், போர் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கும். கடையில் பிராசசரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா, இல்லை காயலான் கடைதானா?

தஞ்சை சர்வீஸ்:
பிராசசரில் கை வைக்காதீங்க, அந்தக் காசு வீண். இழுப்பது ஹார்ட் டிஸ்க்தான். முதலில் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலாத வேகமான டிஸ்க்), அடுத்து ரேம்.

எச்61 போர்டில் டிஸ்க் மாட்டும் இணைப்பு பழைய சாட்டா 2 மட்டும்தான். பெட்டியில் வேகம் நொடிக்கு 500 எம்பி என்று போட்டிருந்தாலும் 270 பக்கம்தான் வரும். அதற்காகக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், வீட்டு வேலைக்கு வித்தியாசமே தெரியாது. பவர் ஒயர் பற்றாவிட்டால் டிவிடி டிரைவிலிருந்து கழற்றி மாட்டுங்க. நாலு முனை மோலெக்ஸை சாட்டாவாக மாற்றும் மலிவு ஒயர் வேண்டாம், அச்சில் வார்த்த வகை உருகிப் பற்றிக்கொள்ளும்.

ரேம் 4+4, டெஸ்க்டாப் டிடிஆர்3. போர்டில் பெரும்பாலும் இரண்டே ஸ்லாட் என்பதால் பழைய 2+2 வெளியே வரும். 1600 வேக ரேம் வாங்கினாலும் 1333-ல்தான் ஓடும், பாதகமில்லை. ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும் சிலது ஏஎம்டி போர்டுக்கு மட்டுமான ரகம், இன்டெலில் டிஸ்ப்ளேயே வராது. கடையில் மாட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்க.

விண்டோஸோ வேறு சிஸ்டமோ இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) சாட்டா மோடை, எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஹெச்சிஐ ஆக்குங்க. பழைய ஹார்ட் டிஸ்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு இன்ஸ்டால் செய்யுங்க. இல்லையென்றால் கம்ப்யூட்டரை எழுப்பும் பூட் பைல் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், அது சாகும் அன்று எஸ்எஸ்டியும் எழுந்திருக்காது.

வேதாரண்யம் உப்புக்காத்து:
காசு போடுவதற்கு முன் கேபினட்டைத் திறந்து பாருங்க தம்பி. பிராசசரைச் சுற்றி நிற்கும் குட்டி உருளைகள், அதாவது கெப்பாசிட்டர்கள், தலை தட்டையாக இருக்கணும். உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால் அந்த போர்டுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அறுப்பு நேரத்துத் தூசி, பிராசசர் மேல் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரி அடைந்திருக்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்க, சுற்ற விட்டால் பேரிங் போகும். ஹீட்சிங்க்கைக் கழற்றினால், பிராசசர் மேல் புதிதாகத் தடவும் பேஸ்ட் துவரம்பருப்பு அளவு போதும். திரும்ப மாட்டும்போது அதன் நாலு பின்னையும் மூலைக்கு மூலை எதிராக அழுத்துங்க. ஒன்று 'டக்' என்று உட்காராவிட்டாலும் சூடேறி, சில நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும்.

ரேமின் தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் தேயுங்க. ஈரக்காற்றில் கறுத்துப்போய் 'பீப்' அடிப்பது நம்ம பக்கம் சகஜம். போர்டில் தேதி, நேரத்தைக் காக்கும் சிஆர்2032 பேட்டரியும் மாற்றிவிடுங்க. தேதி 2011-க்கு ஓடிவிட்டால் பட்டா தளம் 'பாதுகாப்பில்லை' என்று சொல்லித் திறக்காது.

கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறதா? எர்த் இல்லை, முதலில் அதைச் சரிசெய்யுங்க. த்ரீ பேஸ் வீடென்றால், மோட்டார் சிங்கிள் பேஸாக இருக்கும் பட்சத்தில், அது இல்லாத பேஸுக்குக் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லுங்க. மோட்டார் போடும்போதெல்லாம் யூபிஎஸ் பேட்டரிக்குத் தாவினால் அந்த பேட்டரி ரொம்ப நாள் வராது.

குடந்தை லினக்ஸ்:
விண்டோஸ் 7 எப்போதோ போயாச்சு, 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்தது, 11 இந்தப் பிராசசரை ஏற்காது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகு வகையைப் போடுங்க, 2029 வரை அப்டேட் உண்டு. ஐபஸ்-எம்17என் என்ற டைப்பிங் மென்பொருளைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும்.

யூடியூப் சுருக்கி அனுப்பும் விபி9, ஏவி1 வகை வீடியோவை விரிக்க இந்தச் சிப்பில் தனி வசதி கிடையாது, பிராசசரே முழுதாக மெனக்கெடும். 1080-ல் திக்கினால் 720 வையுங்க. அதற்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்காதீங்க.

மன்னைவாசி:
டிஸ்க்கின் நலம் பார்க்கும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஹார்ட் டிஸ்க்கை மஞ்சளாகக் காட்டுகிறது, கரண்ட் பென்டிங் (படிக்கத் தடுமாறும் இடங்கள்) 24. அப்படியே குளோன் (முழு நகல்) எடுத்து எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடலாமா அண்ணே?

தஞ்சை சர்வீஸ்:
வேண்டாம். படிக்க முடியாத இடத்தில் குளோன் மாட்டிக்கொண்டு டிஸ்க்கை இன்னும் அரைக்கும். ஸ்கேன், டிஃப்ராக் எதுவும் ஓட்டாமல், இன்றைக்கே போட்டோவையும் சர்டிபிகேட் ஸ்கேனையும் மட்டும் வெளி டிஸ்க்குக்கு எடுங்க. ஒரு போல்டர் நின்றுபோனால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போங்க, நின்றதைக் கடைசியில் பார்க்கலாம்.