முறுக்கு விற்க இத்தனை பேப்பரா? பதிவு பாதியில் நிற்கிறது, உதவுங்கள் (அக்டோபர் 2023)

முறுக்கு_அக்கா: வீட்டில் முறுக்கு, தட்டை போட்டுக் கொடுக்கிறேன். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (FSSAI) தரும் 14 இலக்க நம்பர் இல்லாவிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறார் கடைக்காரர். சரி என்று ஃபாஸ்காஸில் (அதற்கு விண்ணப்பிக்கும் இணையதளம்) போனால் சமையலறை வரைபடம், தண்ணீர் பரிசோதனை அறிக்கை, குதிரைத்திறனோடு இயந்திரப் பட்டியல் எல்லாம் கேட்கிறது. என்னிடம் இருப்பது மாமியார் கொடுத்த முறுக்கு அச்சு, அதற்கு என்ன குதிரைத்திறன் போடுவது? கட்டணம் வேறு 3,000. பக்கத்து வீட்டுப் பெண் 100 ரூபாய்தான் கட்டினாள். என்ன செய்ய, அவசரம்.

செல்வம்77: எந்த மாநிலம்? பதிவா, உரிமமா? விற்பனை எவ்வளவு? ஒன்றுமே சொல்லாமல் அவசரம் என்றால் எப்படி?

எள்ளுருண்டை: மொபைலில் திறந்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் போங்கள், எனக்கு அப்படித்தான் சரியானது.

விதிவாசகன்: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் 2011 ஒழுங்குமுறைகளையும் ஒரு தடவையாவது புரட்டிவிட்டு வரலாம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் பதிவு, வருடத்துக்கு 100 ரூபாய். வரைபடமெல்லாம் உரிமத்துக்கு.

முறுக்கு_அக்கா: தமிழ்நாடு. மாதம் நாற்பதாயிரம் தாண்டாது. கம்ப்யூட்டரிலும் அதேதான் சார்.

தெருமுனை: என் பாட்டி முப்பது வருடம் திண்ணையில் வைத்து விற்றாள், யாரும் நம்பர் கேட்டதில்லை. இப்போது அதிரசத்துக்கும் அரசாங்க அனுமதி!

விதிவாசகன்: பாட்டி எண்ணெயை எத்தனை தடவை சுட வைத்தார் என்றும் யாரும் கேட்கவில்லை. 2018 ஜூலையிலிருந்து போலார் காம்பவுண்ட் (எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைத்தால் அதில் சேரும் கெட்ட பொருள்கள்) 25 சதவீதம் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது.

தெருமுனை: அதை அளக்கிற கருவி உங்கள் வீட்டில் இருக்கிறதா? கரண்டியில் எடுத்துப் பார்த்தாலே பாட்டிக்குத் தெரியும்.

எள்ளுருண்டை: அப்படியே செய்தித்தாளில் பஜ்ஜி மடிப்பதையும் கேளுங்கள். மை முழுக்க வயிற்றுக்குள்.

செல்வம்77: சண்டையை அப்புறம் போடுங்கள். அக்கா, உற்பத்தித் திறன் கேட்டிருக்குமே, அதில் 100 கிலோவுக்கு மேல் என்று கொடுத்தீர்களா? அது ஒரு நாள் கணக்கு. மாதக் கணக்கைப் போட்டால் நேரே உரிமத்துக்குத் தள்ளிவிடும்.

தெருமுனை: வாழை இலை இருக்கும்போது செய்தித்தாள் எதற்கு?

முறுக்கு_அக்கா: அதேதான் தம்பி. மாதம் 120 கிலோ வருமே என்று 100 கிலோவுக்கு மேல் என்பதைத் தொட்டிருக்கிறேன். மாற்றிவிட்டேன். இப்போது 100 ரூபாய்தான் காட்டுகிறது, கட்டிவிட்டேன். மாவு பிசைந்து வைத்திருக்கிறேன், வருகிறேன்.

விதிவாசகன்: 7 நாளில் பதிவு தராமல், மறுக்காமல், ஆய்வுக்கும் சொல்லாமல் விட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்றும் அதே 2011 ஒழுங்குமுறையில் இருக்கிறது. யார் படிக்கிறார்கள்.

தெருமுனை: கடைக்காரர் படித்திருப்பாரா சார்? அவருக்கு பாக்கெட்டில் நம்பர் வேண்டும்.